ஊற்றிய கை

குடித்தவன் செய்ததற்குக் குடித்தவனே பொறுப்பு என்று உலகம் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு பயனும் விளையவில்லை. எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய நிலையில் எந்தக் குடிகாரன் இருக்கிறான்? கேட்டால் "நான் ஸ்டெடிதான்" என்பான். சொல்லும்போதே நாற்காலியிலிருந்து நழுவிக்கொண்டிருப்பான். ஆகவே ஒரு நாள் அரசாங்கம் அந்தப் பொறுப்பைத் தூக்கி வேறொருவன் தலையில் வைத்தது. ஊற்றிக் கொடுப்பவன் தலையில்.

புதுச்சேரியில் உரிமம் பெற்ற பார் எதிலும் இப்போது குடிக்க வருபவர் பாட்டிலைத் தொட முடியாது. ஊற்றுவதற்கென்று ஓர் ஆள் இருப்பார். அவர் மணிக்கட்டில் ஒரு காப்பு, குடிப்பவர் மணிக்கட்டில் அதன் ஜோடி. குடிப்பவரின் ரத்தத்தில் ஏறும் போதை, ஊற்றியவரின் உடம்பில் தெரியும். ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமலே அவருக்குத் தலை சுற்றும், கால் தளரும். "போதும் சார்" என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. வாசலைத் தாண்டும்போது காப்பில் பச்சை எரிந்தால் விட்டுவிடலாம். சிவப்பு எரிந்தால் உட்கார வைத்து, மோர் கொடுத்து, வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால், அதற்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் அவரே குற்றவாளி. சட்டத்தில் அவருக்குப் பெயர் 'பொறுப்பாளர்'. பாருக்கு வருகிறவர்களுக்கு அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரமில்லை. "கை எங்கப்பா? கையைக் கூப்பிடு" என்பார்கள்.

முத்தியால்பேட்டையில் ஒரு பாரில் தனிஸ்லாஸ் கையாக இருந்தான். குடிக்காதவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்கள். தனிஸ்லாஸ் வாழ்நாளில் மூக்கால் மட்டுமே குடித்தவன். ஆனாலும் தினமும் பொழுது சாயும்போது ஊரில் பாதிப் பேரின் போதை அவன் உடம்பில் வந்து குடியேறும். பெயின்டர் ஒருவர் வந்தால் அவனுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ரிட்டயரான தாசில்தார் வந்தால் யாரையாவது அதட்ட வேண்டும் போலிருக்கும். அதெல்லாம் பழகிவிட்டது.

நாலு மணிக்கு வருகிற கலியபெருமாள் மட்டும் பழகவேயில்லை.

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பெண் பிள்ளைகள் சைக்கிளில் கலகலவென்று வெளியே வருகிற நேரத்தில் அவர் உள்ளே நுழைவார். ஐம்பது வயதிருக்கும். முழங்கையில் மாவுத் தடமும் அடுப்புச் சுட்ட தழும்புகளும் இருக்கும். ஏதோ பேக்கரியில் வேலை என்று அவன் ஊகித்திருந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டியபடிதான் உட்காருவார். வழக்கமாகக் குடிக்கிறவர்கள் முதல் வாய்க்கு முன்னால் விரலை நனைத்து இரண்டு சொட்டு தெறிப்பார்கள். யாருக்காகத் தெறிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் தெறிக்காமல் குடிக்க மாட்டார்கள். இவர் தெறித்ததில்லை. கஷாயம் விழுங்குகிற மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வருதா?"

"வருது சார்" என்பான் தனிஸ்லாஸ். போதையைத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தான். ஆனால் அவரிடமிருந்து வந்தது போதை மட்டுமல்ல. நெஞ்சின் இடது பக்கம் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு கனம். கிளாஸ் கழுவும்போது கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிடும்.

"குடிக்காமலே குடிகாரனா ஆயிட்டீங்க" என்றாள் அவன் மனைவி ரெஜினா. வஞ்சிரக் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்தபடியே அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகிறோம் என்பது அவள் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கஸ்டமர் இருக்காரு, அவரோடது இது."

"யாரோடதோ எதுக்கு என் வீட்டுச் சோத்துல வந்து வுழுவுது? புடிக்காதவங்களுக்கு ஊத்த வேணாம்னு சட்டத்துலயே இருக்குல்ல? நாளைக்கு அந்த ஆளுக்கு ஊத்த முடியாதுன்னு சொல்லிடுங்க."

சட்டத்தில் இருந்தது. காரணம் சொல்லாமலே மறுக்கலாம். மறுநாள் கலியபெருமாள் வந்து முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்ததும் தனிஸ்லாஸ் வெறுங்கையோடு போய் நின்றான்.

"சார், இனிமே உங்களுக்கு நான் ஊத்த முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துத் தெருவுல வேற பார் இருக்கு."

"வேற பார்ல நீ இருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" அவர் காப்பைப் போட்டுக்கொள்வதற்காக நீட்டிய மணிக்கட்டை மடக்கவேயில்லை. "நான் வசுமதியோட அப்பா, தம்பி."

தனிஸ்லாசுக்கு அந்தப் பெயரைத் தெரியும். தீர்ப்பில் படித்த பெயர்.

போன மழைக்காலத்தில் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவன் அன்றுதான் கார் வாங்கியிருந்தான். அளவாகத்தான் குடித்தார்கள். தனிஸ்லாசும் அளவாகத்தான் ஊற்றினான். கிளம்புகிற நேரத்தில் கூட வந்தவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கிளாசில் ஊற்றியது ஊற்றியபடி நிறைய இருக்க, அவன் எழுந்து போய்விட்டான். நம் ஊர்க் குடிகாரர்கள் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுவார்கள், கிளாசில் மிச்சம் வைக்க மட்டும் மனசு வராது. "வேஸ்ட் பண்ணாத மச்சான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கார்க்காரன் நின்றவாக்கில் அந்தக் கிளாசை ஒரே மடக்கில் கவிழ்த்தான். வாயைத் துடைத்தான். சாவியை எடுத்தான்.

தனிஸ்லாஸ் அதைப் பார்த்தான். "சார், கொஞ்சம் இருங்க" என்று சொல்ல வாயும் திறந்தான். அதற்குள் கண் காப்புக்குப் போயிற்று. பச்சை. வயிற்றில் இருப்பதைப் பற்றிக் காப்புக்குக் கவலையில்லை, ரத்தத்தில் கலந்த பிறகுதான் அதற்குத் தெரியும். இது தனிஸ்லாசுக்கும் தெரியும். ஆனால் வேறொரு மேசையிலிருந்து "கை!" என்று கூப்பிட்டார்கள். பச்சைதானே என்று அவன் திரும்பிவிட்டான். கார்க்காரனுக்கு முழுப் போதையும் தலைக்கேறியபோது அவன் பள்ளிக்கூட முனையைத் திரும்பிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள்.

கார்க்காரன் சிறைக்குப் போனான். விசாரணை மன்றம் காப்பைக் கேட்டது. வாசலில் பச்சை என்று காப்பு சொன்னது. பொறுப்பாளர் குற்றமற்றவர் என்று முடித்துவிட்டார்கள். பெண்ணின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, மாமா ஒருவர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கண்ணால் என்ன பார்த்தாய் என்று தனிஸ்லாசை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவனும் பதில் சொல்லவில்லை.

இப்போது அவளுடைய அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"தீர்ப்பை நான் படிச்சேன்" என்றார் கலியபெருமாள். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தனிஸ்லாசுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன் மேல தப்பில்லன்னு போட்டிருந்தாங்க. சரி, இல்லாமயே இருக்கட்டும். உன்ன அடிக்க வரல, திட்டவும் வரல. அவ அம்மா தாய் வீட்டுக்குப் போய்ட்டா, என் மூஞ்சியப் பாத்தா பொண்ணு ஞாபகம் வருதாம். மிச்ச பேரெல்லாம் 'உங்க கஷ்டம் புரியுது'ங்கறாங்க. என்னாத்தப் புரியுது? காலைல எந்திரிச்சி ரெண்டு டம்ளர் பால் காச்சிட்டு, ஒண்ணக் கையில வச்சிகினு நிக்கிறேனே, அது எவனுக்குப் புரியும்? ஒருத்தனுக்காவது அது நெசமா தெரியணும். அதுக்கு வழி வச்சிருக்குற ஆளு நீ. உனக்குத் தெரியறதுதான் நியாயமும்."

"சார்..."

"நான் முன்னெல்லாம் குடிச்சதே கெடையாது தம்பி. இந்த நாத்தமே எனக்கு ஆவாது. குடிச்சாத்தான் உன் காப்புக்குப் போவும்னாங்க. அதான் குடிக்கிறேன்."

தனிஸ்லாஸ் காப்பை மாட்டிவிட்டான். ஊற்றினான்.

அதற்குப் பிறகு அவன் மறுக்கவில்லை. நாலு மணிக்கு முன்னாலேயே அந்த மேசையைத் துடைத்து வைத்தான். வருகிற கனத்தை எதிர்பார்த்து நின்றான். வந்ததும் இது எனக்குச் சேர வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டான். ரெஜினாவிடம், அந்த ஆள் இப்போது வருவதில்லை என்று பொய் சொன்னான். அவள் நம்பவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் வந்தது. கலியபெருமாளுக்குச் சட்டை தொளதொளவென்று ஆனது. கை நடுக்கத்தில் மாவு சரியாக வரவில்லை என்று பேக்கரியில் நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க வீட்டில் சும்மா இருந்துவிட்டு நாலு மணிக்கு வந்தார். முன்பு ஒரு கிளாசுக்கே முகம் சுளித்தவர் இப்போது அளவின் விளிம்பு வரை போனார். விளிம்பைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று மணிக்கட்டை நீட்டுவார். ஒவ்வொரு நாளும் பச்சை எரியும். சட்டம் அன்றைய பொழுதை மட்டும்தான் பார்க்கும். நேற்றையும் முந்தாநாளையும் அது சேர்த்துப் பார்க்காது.

ஒரு நாள் அவர் "வருதா?" என்று நிமிர்ந்தபோது, அவருடைய கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருப்பதைத் தனிஸ்லாஸ் பார்த்தான். குனிந்து காப்பைப் பார்த்தான். பச்சை. கண் ஒன்று சொல்ல, காப்பு ஒன்று சொல்ல, மறுபடியும் அவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரம் காப்புகளைச் சோதிக்க நஸ்ரின் வந்தாள். கம்பெனிப் பெண், எல்லா பார்களுக்கும் போகிறவள். வேலை மும்முரத்தில் வாய் ஓயாது. எல்லாக் கைகளையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு உதவி பண்ணும்மா" என்றான் தனிஸ்லாஸ். "ஒரு கஸ்டமர்கிட்டேர்ந்து வர்றது ரொம்ப கனமா இருக்கு. கொறைக்க வேணாம். அது அப்படியே வரட்டும். ஆனா அவரு கம்மியா குடிச்சாலும் முழுசா வர்ற மாதிரி பண்ண முடியுமா? ஒரு வாய் குடிச்சாலே எல்லாம் வந்துடணும்."

"என்ன கனம் அண்ணே?"

"அதான்... நெஞ்சுல வர்றது. அவரோட துக்கம்."

நஸ்ரின் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறானா என்று பார்த்தாள் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, இது மூணு விஷயம்தான் அனுப்பும். ரத்தத்துல எவ்வளவு ஏறியிருக்குன்றது ஒண்ணு, நாடித்துடிப்பு ஒண்ணு, கால் தள்ளாடுதா இல்லியான்றது ஒண்ணு. தலை சுத்தும், வாந்தி வர மாதிரி இருக்கும். அவ்வளவுதான். துக்கத்தை அளக்க இன்னும் யாரும் சென்சார் கண்டுபுடிக்கல."

"இல்லம்மா, பெயின்டர் ஒருத்தர் வந்தா எனக்குச் சிரிப்பு வருதே?"

"சிரிக்கிறவங்க முன்னாடி நின்னா யாருக்குத்தான் வராது?"

அவன் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இத்தனை நாளா எனக்கு வந்தது?"

"அது உங்களோடதுண்ணே" என்றாள் நஸ்ரின். எதையோ உடைத்துவிட்டோம் என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் பேச்சே கொடுக்காமல் வேலையை முடித்துக்கொண்டு போனாள்.

தனிஸ்லாஸ் கிளாஸ் கழுவுகிற தொட்டியருகே நெடுநேரம் நின்றான். அவர் பிரயாசைப்பட்டு அனுப்பியது எதுவும் வந்து சேரவேயில்லை. ஒரு துளிகூட. பிடிக்காத ஒன்றை மருந்தாக எண்ணி விழுங்கி, ஈரலைக் கெடுத்துக்கொண்டு, வேலையைத் தொலைத்துக்கொண்டு, அந்த மனிதர் வெறும் தலைசுற்றலைத்தான் இவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொன்னால் குடியை விட்டுவிடுவார். கூடவே, உலகத்தில் ஒருவனுக்காவது தெரிகிறது என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கொழுகொம்பும் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் அவரே போய்விடுவார், அதுவும் இவன் ஊற்றிய கையால். இரண்டில் எதைச் செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்தது. கலியபெருமாள் வந்தார். உட்கார்ந்தார். மணிக்கட்டை நீட்டினார்.

தனிஸ்லாஸ் காப்பை மாட்டினான். அவர் முன்னால் ஒரு கிளாஸ் சோடாவை வைத்தான்.

"இன்னா இது?"

"சோடா சார்."

"சரக்கு எங்க?"

"இனிமே சரக்கு கெடையாது சார். உங்க கண்ணு மஞ்சளா இருக்கு. நான் ஊத்த மாட்டேன். எந்த பார்லயும் ஊத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

அவர் முகம் போன போக்கைத் தனிஸ்லாசால் பார்க்க முடியவில்லை. அழுவதற்கு முன்னால் குழந்தைகளுக்குக் கோணுமே, அப்படி வாய் கோணியது. "தம்பி, வேணாம்பா. குடிக்கலன்னா உனக்கு வராதுடா. அவளை வேற எங்க கொண்டு போய் நான் வைப்பேன்?"

"வரும் சார்" என்றான் தனிஸ்லாஸ். முந்தின இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னான். "காப்பு மாத்திட்டுப் போயிருக்காங்க. புதுசு. இதுக்குக் குடிக்கத் தேவையில்ல. கையைப் புடிச்சா போதும்."

அவன் எதிரே உட்கார்ந்து தன் கையை மேசைமேல் வைத்தான். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு அவன் மணிக்கட்டைக் காப்போடு சேர்த்துப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன. தெருவில் சைக்கிள் மணிகள் போய்க்கொண்டிருந்தன.

"வருதா?"

"வருது சார்."

"என்னா வருது? சொல்லு. நீ வருதுவருதுன்னுதான் சொல்ற, என்னா வருதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

பொய்யை இதற்கு மேல் யோசித்து வைத்திருக்கவில்லை. தனிஸ்லாஸ் வாயைத் திறந்தபோது உண்மைதான் வந்தது.

"கிளாஸ் வருது சார். அந்தப் பையனோட கூட்டாளி வச்சிட்டுப் போன கிளாஸ். நெறைய இருந்துச்சு. அதை இவன் நின்னுகினே எடுத்துக் குடிச்சான். நான் பாத்தேன். இருங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன் சார். காப்பைப் பாத்தேன், பச்சை. வுட்டுட்டேன். அந்தப் பச்சைதான் சார் தெனமும் வருது. சோத்துல வருது. கண்ணை மூடினா வருது. மன்றத்துல யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். சொல்லியிருக்க மாட்டேன் சார். எனக்கு பயம்."

அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. எலும்பு வலித்தது. அடிக்கப் போகிறார், அடிக்கட்டும் என்று தனிஸ்லாஸ் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஜெயில்கூடக் கிடைக்கலாம். அதைப் பற்றி அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்து மேசைமேல் கிடந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. பாரில் யாரோ "கை!" என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

கலியபெருமாள் பிடியை விடாமலே கேட்டார்.

"இது ரெண்டு பக்கமும் போவுமா?"

"என்ன சார்?"

"இந்தக் காப்பு. என்கிட்டேர்ந்து உனக்கு வர்ற மாதிரி, உன்கிட்டேர்ந்து எனக்கும் வருமா?"

தனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவருடைய மஞ்சள் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"வரும் சார்" என்றான்.

அவர் சோடாவைத் தொடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்தார். வழக்கம்போல வாசலுக்குப் போய் நின்று, வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினார். தனிஸ்லாஸ் பின்னாலேயே போய் நின்றான். பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. நஸ்ரின் முந்தின நாள் சோதித்துவிட்டு, பழுது என்று ஒதுக்கி வைத்த ஜோடி அது. குப்பைக்குப் போக வேண்டியதை எடுத்து மாட்டியிருந்தான்.

கலியபெருமாள் அந்த இருண்ட விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தனிஸ்லாசின் முகத்தைப் பார்த்தார். கடைசிப் பிள்ளைகள் சைக்கிளில் முனையைத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் தடவையாக அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, அவர்கள் மறைகிற வரைக்கும் நின்றார்.

காப்பைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கும் இதையே எடுத்து வை."